தட்டேந்தப் பெண் பிள்ளைகள் வேண்டுமாம்!

அத்தியாயம் 14

ரதிக்குக் கோபம் வந்தால் கை வேகமாக ஓடும். அந்தச் சனிக்கிழமை காலையில் அவள் பீகூன் அரிசிச் சேமியாவைக் கிளறிய வேகத்தைப் பார்த்திருந்தால், யார் மீதோ எரிச்சலில் இருக்கிறாள் என்றுதான் நினைத்திருப்பீர்கள். இல்லை. அப்போது அவளுக்குச் சந்தோஷம். கோபம் வருவதற்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

ஆட்ட நாளில் பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு வீடு சமைக்க வேண்டும். யாரும் கூட்டம் போட்டு முடிவெடுத்ததில்லை. தானாக வந்த பழக்கம். இன்று ரதி வீட்டு முறை. இன்று இறுதியாட்டம் வேறு. வெளியூரில், பெடாஸில், மதியம் மூன்று மணிக்கு.

இந்த வாரம்தான் படிக்க ஆரம்பிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ரந்தாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் இது. ரப்பர் பால்மரக் காலத்தில் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போன ஆயாக் கொட்டகை இடிந்து, வெறும் சிமெண்டுத் தரை மட்டும் மிச்சமிருந்தது. ரந்தாவில் பாலர் பள்ளி ஆசிரியையாக இருக்கும் பெட்ரிசியா ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு, "வலைப்பந்து ஆட இது போதும்லா" என்றாள். அவ்வளவுதான். வெல்டிங் தெரிந்த வீரமுத்து இரண்டு கம்பத்துக்கு வளையம் பற்ற வைத்துக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங் என்று ஊரே கூடிப் புல் செதுக்கிக் கோடு போட்டது. தமிழ்ப்பள்ளியில் படிக்கும் ஒன்பது பெண் பிள்ளைகள் ஆட ஆரம்பித்தார்கள். தாமான் குடியிருப்புக்கு வீடு மாறிப் போனவர்கள்கூடச் சாயங்காலம் மோட்டார் சைக்கிளைப் போட்டுக்கொண்டு வந்து சுற்றி உட்கார்ந்தார்கள்.

அந்த ஒன்பது பேரில் ஒருத்திதான் ரதியின் ஒரே மகள் லோஷினி. ஆறாம் வகுப்பு. வீட்டுக்குள் வாயாடி. வாசற்படி தாண்டினால் வாயில் பூட்டு. நாலாம் வகுப்பு வரைக்கும் டீச்சர்களுக்கு அவள் குரல் எப்படியிருக்கும் என்றே தெரியாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டல்தான். "பிள்ளை ஊமையா?" என்று கேட்டவர்களை எல்லாம் ரதி மனதுக்குள் எண்ணி வைத்திருந்தாள். நாக்கில் ஒன்றுமில்லை, பயம்தான் என்றார் டாக்டர். பயத்துக்கு மருந்து எந்தக் கிளினிக்கில் கிடைக்கும்?

பெட்ரிசியா அவளைக் கோல் கீப்பராக நிறுத்தினாள். "கடைசியில நிக்கிறவளுக்குத்தான் முழு ஆட்டமும் தெரியும். நீ பாக்கறதக் கத்திச் சொல்லணும். இல்லாட்டி நாம தோத்தோம்" என்றாள். முதல் சில வாரங்கள் காற்றுதான் வந்தது. பிறகு ஒரு நாள் "கானான்!" என்று ஒரு சின்னக் கீச்சுக் குரல். வலது பக்கம் ஆள் வருகிறது என்று அர்த்தம். சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கை தட்டினார்கள். ஆடுகிற பிள்ளை ஒருத்தியின் அம்மா பஞ்சாலை எழுந்து நின்று, "கேக்குது லோஷினி, கேக்குது!" என்று கத்தினாள். அன்றிலிருந்து அவள் குரல் எழும்பும்போதெல்லாம் யாராவது ஒருவர் "கேக்குது!" என்பார்கள். இந்த வருஷம் அவள் கத்தும் கத்தலில் கொட்டகைப் பக்கம் கோழி மேய்வதில்லை. பள்ளியில் பாடப் புத்தகத்தை எழுந்து நின்று வாசிக்கிறாளாம். டீச்சர் போன் போட்டுச் சொன்னபோது ரதி தொழிற்சாலைக் கழிப்பறையில் நின்று அழுதாள்.

ஒரு பிள்ளையை வளர்க்கப் பெற்றவர்கள் மட்டும் போதாது என்பதை ரதி அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டாள்.

ஆனால் இந்த மகராசி சும்மா இருந்திருக்கலாம். போன ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். சந்தோஷம் தாங்காமல் ஒன்பது பிள்ளைகளையும் வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தி, "ஜெயிச்சிட்டு வரணும் தாயே" என்று வேண்டி, பூசாரி சன்னாசி கையால் எல்லார் மணிக்கட்டிலும் மஞ்சள் காப்புக் கட்ட வைத்தது ரதிதான். யாரும் அவளைக் கேட்கவில்லை.

பீகூனில் முட்டையை உடைத்து ஊற்றும்போது அவள் புருஷன் ஹேமநாதன் உள்ளே வந்தான். லோரி ஓட்டுபவன். திருவிழாவுக்காக விடுப்பு. கோயில் பந்தல் வேலையிலிருந்து வந்தவன் கால்கூடக் கழுவாமல் நின்றான்.

"வேன் எடுக்க வேணாம்னு அண்ணன் சொல்லிட்டாரு."

"எந்த வேன்?"

"பெடாஸுக்குப் போற வேன்தான்."

ரதி கரண்டியை எடுக்காமல் திரும்பிப் பார்த்தாள். அவன் போனை நீட்டினான். கோயில் குழுவில் குரல் பதிவு. கோயில் தலைவர், அவனுடைய சொந்த அண்ணன், தர்மராஜ் பேசினார்.

"காப்புக் கட்டினவங்க யாரும் திருவிழா முடியற வரைக்கும் தோட்டத்து எல்லையத் தாண்டக் கூடாது. இது அம்மன் உத்தரவு. மீறினா வர்ற குத்தத்துக்குக் கமிட்டி பொறுப்பில்ல."

"அம்மன் உத்தரவா? அம்மன் எப்ப வாட்சாப் வாங்குச்சு?"

"ரதி..."

"இல்ல, தெரியாமத்தான் கேக்கறேன். காப்புக் கட்டினவங்க ராத்திரி வெளிய தங்கக் கூடாது. அதான முறை? இந்த வாரம் பூரா உங்க கைல காப்பு, என் கைல காப்பு. நேத்து வரைக்கும் நீங்க லோரி எடுக்கல? நா செனவாங்குக்கு ஷிஃப்டு போகல? அப்பல்லாம் எல்லை எங்க போயிருந்துச்சு?"

"வேலை வேற, வெளையாட்டு வேறன்னு சொல்றாரு."

"அவரு சொல்றாரு. நீங்க என்ன சொன்னீங்க?"

ஹேமநாதன் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டான். அவளுக்குத் தெரியும். இந்த வருஷம் கரகம் எடுப்பது அவன். அவன் அப்பா எடுத்த கரகம். அப்பா போன பிறகு அவன் கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு வருஷமும் யாருக்கோ போய், கடைசியில் இந்த வருஷம்தான் அண்ணன் மனசு வைத்தார். நாளைக் காலையில் கரகம். அந்த மனிதனை இன்றைக்கு அண்ணனோடு வாதாடச் சொன்னால் எங்கிருந்து வாதாடுவான்?

அப்போதுதான் ரதி வாசல் பக்கம் பார்த்தாள். லோஷினி நின்றிருந்தாள். ஜெர்சி போட்டு, இரட்டைப் பின்னல் பின்னி, ஒரு காலில் மட்டும் சப்பாத்து. எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

"நீ கவலப்படாதம்மா. நாம போறோம். சரியா?"

லோஷினி தலையாட்டினாள்.

"வாயத் தொறந்து சொல்லு கண்ணு."

தலையாட்டல். பிறகு குனிந்து அந்த ஒற்றைச் சப்பாத்தையும் கழற்றினாள். வீட்டுக்குள்ளேயே, தன் சொந்த வீட்டுக்குள்ளேயே, அந்தப் பிள்ளை தலையாட்டியது. அப்போதுதான் ரதிக்குக் கோபம் வந்தது. கோப்பை போகட்டும். யாருக்கு வேண்டும் கோப்பை? இரண்டு வருஷமாகப் பாடுபட்டுத் திறந்த வாயை ஒரே ஒரு குரல் பதிவில் மூடிவிட்டார்களே!

அடுப்பை அணைத்தாள். மோட்டாரை எடுத்தாள்.

முதலில் பஞ்சாலை வீட்டுக்குப் போனாள். பஞ்சாலையின் கடைசிப் பெண் கேஷ்னாதான் நடுவில் ஆடுபவள். "கேக்குது!" என்று கத்திய அதே பஞ்சாலை இப்போது கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு கிசுகிசுத்தாள்.

"சாமி விஷயம்லா ரதி. போன வருஷம்தான் எங்க வீட்டுக்காரரு மோட்டார்ல விழுந்து எழுந்தாரு. எனக்குப் பயமா இருக்கு."

"அக்கா, அவரு குடிச்சிட்டு விழுந்தாரு. அதுல அம்மன் எங்க வந்துச்சு?"

"அதுக்கில்ல..."

அதுக்கில்லை, அதுக்கில்லை என்றால் எதுக்கு? ரதி திரும்பிவிட்டாள். வளையம் பற்ற வைத்த வீரமுத்து, "நீங்க எல்லாரும் பேசி முடிவு பண்ணுங்க. நா மாட்டேன்னு சொல்லல" என்றார். மாட்டேன் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. இன்னொரு வீட்டில் ஆள் இருந்தும் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கதவைத் திறக்கவில்லை. இவர்களெல்லாம் வெயிலில் புல் செதுக்கியவர்கள். கோடு போட்டவர்கள். பிள்ளைகள் ஜெயித்தபோது தூக்கிச் சுற்றியவர்கள். அதிகாரமாய் ஒருவர் குரலை உயர்த்தினால் போதும், அத்தனை பாசமும் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. கேட்டீர்களா அநியாயத்தை?

கொட்டகைத் தரையில் பெட்ரிசியா தனியாக நின்றுகொண்டிருந்தாள். பந்துப் பை காலடியில் கிடந்தது.

"நீ ஏன் டீச்சர் வாயத் தொறக்காம நிக்கிற? நீ சொன்னா கேப்பாங்க."

"நா சொன்னாத்தான்க்கா பிரச்சன. கமிட்டியில ஒருத்தரு காலையிலயே எங்கப்பாவுக்குப் போன் போட்டாரு. எங்க சாமி காப்பப் பத்தி வேதக்காரப் பொண்ணுக்கு என்ன தெரியும், பிள்ளைங்க மனச மாத்தறாளான்னு கேட்டாராம்."

பெட்ரிசியாவின் அப்பா ராயப்பன் இந்தத் தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக இருந்தவர். வருஷா வருஷம் இந்தக் கோயில் பந்தலுக்கு மூங்கில் வெட்டிக் கொடுத்தவர். அவரைக் கேட்டார்களாம்!

"பிள்ளைங்க வரலன்னா நா மட்டும் போயி, நாங்க ஆடலன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டுட்டு வரேன்க்கா. சொல்லாமப் போனா பள்ளிக்கூடத்துக்குக் கெட்ட பேரு."

பெட்ரிசியா அழவில்லை. ஆனால் பந்துப் பையின் கயிற்றைக் கட்டினாள், அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள்.

"கட்டாத. இங்கயே இரு. ஒரு மணிக்கு வேன் வரும்" என்றாள் ரதி. எப்படி வரும் என்று அவளுக்கே தெரியாது.

கோயிலில் பந்தல் வேலை தடபுடலாக நடந்துகொண்டிருந்தது. வாசலில் சிவப்புக் கம்பளம். மாரியம்மனுக்குச் சிவப்புக் கம்பளம் விரித்து அவள் பார்த்ததில்லை. ஓரத்தில் தர்மராஜின் மனைவி தனலெட்சுமி உட்கார்ந்து, மிச்சமிருந்த பச்சைப் பாவாடை தாவணிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பித்தளைத் தட்டுகள் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தன.

"என்னக்கா இது?"

தனலெட்சுமி நிமிராமலே சொன்னாள். "பெரிய பட்டம் வாங்குன டத்தோ அஞ்சு மணிக்குத் திருவிழாவுக்கு வர்றாருல்ல. பொண்ணுங்க ரெண்டு பக்கமும் தட்டு ஏந்தி நிக்கணுமாம். போன வாரம் பக்கத்துத் தோட்டத்துல அவ்ளோ பொண்ணுங்கள நிறுத்தி வீடியோ எடுத்துப் போட்டாங்களாம். நம்ம தோட்டத்துல அந்த வயசுப் பொண்ணுங்கன்னா இதுங்கதான். அளவு பாத்துத் தச்சது."

"எப்பத் தச்சது?"

"வியாழக்கிழமையே வந்துருச்சு."

வியாழக்கிழமை. அம்மன் உத்தரவு வந்தது இன்றைக்குக் காலையில். பாவாடைக்கு அளவெடுத்தது அதற்கும் முன்னால். தனலெட்சுமி அப்போதுதான் நிமிர்ந்தாள். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் அவள் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. கையிலிருந்த பாவாடையை மடியில் போட்டுக்கொண்டு, "என்னை எதுவும் கேக்காத ரதி" என்றாள்.

ரதி கேட்கவில்லை. நேராக தர்மராஜ் முன்னால் போய் நின்றாள். வெள்ளை வேட்டி, புதுத் துண்டு, நெற்றி நிறையக் குங்குமம்.

"மாமா, தட்டேந்த ஆள் வேணும்னா தட்டேந்த ஆள் வேணும்னு சொல்லுங்க. அம்மன் பேர எதுக்கு இழுக்கறீங்க?"

பந்தல் கட்டியவர்கள் கை நின்றது.

தர்மராஜ் சிரித்தார். பெரிய மனுஷன் சிரிப்பு. "ரதி, நீ படிச்ச பொண்ணு. கோயில் மண்டபத்துக்கு டத்தோ மனசு வைக்கணும். ஊருக்காகத்தான செய்றேன்? காப்புக் கட்டின பொண்ணுங்க, குட்டப் பாவாட போட்டுக்கிட்டு ஊரு ஊராப் போயிக் குதிக்கிறது முறையா? நீயே சொல்லு."

"உங்க மகன் புனிதன் நேத்து சிரம்பான்ல கல்யாண வீட்டுக்கு உருமி அடிக்கப் போனானே, அவன் கைல காப்பு இல்லையா?"

"அவன் ஆம்பளப் பையன். அது தொழிலு."

"ஓகோ. பையன் எல்லை தாண்டினா தொழிலு, பொண்ணு தாண்டினா தெய்வக் குத்தம்! பூசாரிண்ணே, நீங்க சொல்லுங்க. இதுதான் முறையா?"

சன்னாசி கற்பூரத் தட்டைத் துடைப்பதில் மும்முரமானார். "ராத்திரி தங்கக் கூடாதுன்னு சொல்வாங்க... தலைவரு ஒன்னு சொன்னா அதையும் பாக்கணும்லா..." என்று இரண்டு பக்கமும் தலையாட்டினார். அவரை நம்பிப் பயனில்லை.

ரதி பக்கத்திலிருந்த மேசையைப் பார்த்தாள். மைக் இருந்தது. தோட்டம் முழுக்கக் கேட்கும் மைக். அதைக் கையில் எடுத்தாள்.

"நா ரதி பேசறேன். லோஷினி அம்மா. பிள்ளைங்களுக்குக் காப்புக் கட்டுனது நான்தான். ஜெயிக்கணும்னு வேண்டிக்கிட்டுக் கட்டுனேன். ஆட விடாம வீட்ல உக்கார வைக்கறதுக்காகக் கட்டல. அதுல குத்தம் ஏதாச்சும் இருந்தா அம்மன் என்னையக் கேக்கட்டும். பிள்ளைங்க மேல எந்தக் குத்தமும் இல்ல. ஒரு மணிக்குக் கொட்டகையிலேருந்து வேன் போகுது. டத்தோவுக்குத் தட்டேந்தணும்னா கமிட்டிக்காரங்க ஏந்தட்டும். வேட்டி சட்டையில அவங்களும் அழகாத்தான் இருக்காங்க!"

பந்தலில் யாரோ குபீரென்று சிரித்தார்கள். தர்மராஜ் மைக்கைப் பிடுங்கினார். சிரிப்பு அடங்கியது. அவர் முகத்தில் கோபமில்லை, அதுதான் ரதியைப் பயமுறுத்தியது.

"ஊர்ப் பிள்ளைங்கள விடு. ஒம் பொண்ணு என்ன சொல்லுதுன்னு முதல்ல கேளு" என்று கோயிலுக்குப் பின்பக்கம் கை காட்டினார்.

சாமான் அறைக்குள்ளிருந்து பெண்கள் வரிசையாக வெளியே வந்தார்கள். பச்சைப் பாவாடை, தாவணி, கையில் தட்டு. பஞ்சாலையின் கேஷ்னா, வீரமுத்துவின் மகள், இன்னும் நாலைந்து பேர். கடைசியில் லோஷினி. அவளுக்குப் பின்னால், தலையைக் குனிந்துகொண்டு ஹேமநாதன். ரதி வீடு வீடாக அலைந்த நேரத்தில், அண்ணன் ஒரு வார்த்தை சொன்னார் என்று, பெற்ற மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து இங்கே விட்டிருக்கிறான். பெற்ற தகப்பன்!

"அளவு பாக்கத்தான் கூட்டியாரச் சொன்னாரு..." என்றான் ஹேமநாதன். ரதி அவனைப் பார்க்கவேயில்லை. பார்த்திருந்தால் அந்த இடத்திலேயே என்ன செய்திருப்பாளோ.

தர்மராஜ் லோஷினி பக்கத்தில் போனார். குரலில் தேன் வழிந்தது.

"சொல்லும்மா லோஷினி. பெரியப்பாகூட இருந்து தட்டேந்தறியா, இல்ல அங்க போயி ஆடப் போறியா? ஒம் வாயால சொல்லு. நீ என்ன சொன்னாலும் பெரியப்பா கேப்பேன்."

அயோக்கியத்தனம் என்றால் இதுதான். ஊரில் எத்தனையோ பிள்ளைகள் இருக்க, இந்தப் பிள்ளையைத் தேடிப் பிடித்து வாயால் சொல்லச் சொல்கிறார். பந்தல் முழுக்க ஆள், மைக் வேறு பக்கத்தில். அவள் பேச மாட்டாள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அவளைத் தூக்கி வளர்த்த பெரியப்பாதானே? அவளுடைய பயம் எது என்று தெரிந்து, அதன் மேலேயே கால் வைத்தார்.

லோஷினி தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு ஒட்டியிருந்தது. ரதிக்கு ஓடிப்போய் அவளை அள்ளிக்கொண்டு வந்துவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் போகவில்லை. நான் சொல்லிவிட்டால் அது என் வார்த்தையாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

தர்மராஜ் கூட்டத்தைப் பார்த்துக் கைகளை விரித்தார்.

"பாத்தீங்களா? பிள்ளைக்கே இஷ்டமில்ல. இதுக்குப் போயி..."

"இஷ்டம் இருக்கு."

யார் பேசியது என்று தர்மராஜ் இங்கும் அங்கும் பார்த்தார்.

"எனக்கு ஆட இஷ்டம் இருக்கு பெரியப்பா" என்றாள் லோஷினி. குரல் உடைந்துதான் வந்தது. ஆனால் நிற்கவில்லை. "புனிதன் அண்ணன் நேத்து சிரம்பான் போனப்ப நீங்கதான் உங்க காடி சாவியக் குடுத்தீங்க. நா பாத்தேன். அண்ணன் கைல காப்பு இருந்துச்சு. அண்ணன் மேல அம்மன் கோவிச்சுக்கலன்னா எங்க மேலயும் கோவிச்சுக்காது."

லோஷினி குனிந்து தட்டைக் கம்பளத்தின் மேல் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள், மரியாதையாகத்தான் வைத்தாள். கேஷ்னா தன் தட்டை வைத்தாள். அடுத்தவள் வைத்தாள். தட்டுகள் ஒவ்வொன்றாக இறங்கின. தனலெட்சுமி ஓரத்திலிருந்து எழுந்து வந்து, ஒரு வார்த்தை பேசாமல், பிள்ளைகளின் ஜெர்சிகள் இருந்த பையை எடுத்து ரதியின் கையில் கொடுத்தாள். கட்டிய புருஷன் பார்த்துக்கொண்டிருக்கவே கொடுத்தாள்.

அதுவரை பந்தல் கால் ஓரத்தில் நின்றுகொண்டிருந்த பஞ்சாலை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஏ கேஷ்னா, சப்பாத்து வீட்லதான இருக்கு? ஓடு, எடுத்துட்டு நேரா கொட்டகைக்குப் போ!"

இப்போது தர்மராஜ் பிள்ளைகளைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தார்.

"ஹேமா. வேன் சாவி ஒங்கிட்டதான இருக்கு?"

"ஆமாண்ணே."

"நல்லா யோசிச்சுக்க. அந்த வேன எடுத்து எல்லை தாண்டுன, நாளைக்குக் கரகம் ஒந் தலையில இல்ல. அப்பா எடுத்த கரகம்."

ஹேமநாதன் சட்டைப் பையில் கையை வைத்தான். கை அங்கேயே நின்றது. ரதிக்கு அந்த நேரத்திலும் அவன் மேல் பாவமாக இருந்தது, என்ன செய்ய. எத்தனை வருஷம் அந்தக் கரகத்துக்காக ஏங்கினான் என்று அவளைத் தவிர யாருக்குத் தெரியும்?

வீரமுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். காலையில் மழுப்பியவர்தான். "சாவியக் குடு ஹேமா. நா ஓட்டறேன். நீ இங்க இரு, ஒனக்கு ஒரு சங்கடமும் வேணாம்."

ஹேமநாதன் சாவியை வெளியே எடுத்தான். வீரமுத்துவின் கையைப் பார்த்தான். லோஷினியைப் பார்த்தான்.

"வேணாம்ணே. எம் பொண்ணு போற வேன நானே ஓட்டறேன்."

அண்ணனைப் பார்த்து வேறு ஒன்றும் சொல்லவில்லை. துண்டை இடுப்பிலிருந்து அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். காலையில் பிள்ளையைக் கூட்டிவந்து விட்டதற்கு ரதி அவனை மன்னித்துவிட்டாள் என்று நினைக்காதீர்கள். அந்தக் கணக்கு வீட்டில் தனியாக இருக்கிறது. ஆனால் வேனில் அவன் பக்கத்து இடத்தில்தான் ஏறி உட்கார்ந்தாள்.

வேனில் எட்டுப் பிள்ளைகள் ஏறினார்கள். தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்த வீட்டுப் பெண் கடைசிவரை வரவில்லை. பஞ்சாலை, ரதி வீட்டிலிருந்து எடுத்துவந்த பீகூன் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் இடுக்கிக்கொண்டாள். பெட்ரிசியாவின் சின்னக் கார் முன்னால் போனது. செம்பனை வரிசைகளுக்கு நடுவே செம்மண் பாதையில் வேன் குலுங்கிக் குலுங்கிப் போகும்போது, கோயில் பக்கமிருந்து ஒலிபெருக்கி கரகரத்தது.

"...எல்லை தாண்டிப் போற குடும்பங்க எதுவும் தீமிதி முடியற வரைக்கும் கோயிலுக்குள்ள கால் வைக்கக் கூடாது. விபூதி கிடையாது. அர்ச்சனை கிடையாது. இது கமிட்டி முடிவு. மறுபடியும் சொல்றேன்..."

மறுபடியும் சொன்னார். பஞ்சாலையின் கை பீகூன் சட்டி மேல் அப்படியே நின்றது. பிறந்ததிலிருந்து அந்தக் கோயிலைத் தவிர வேறு கோயில் தெரியாதவள் அவள். ஒரு பிள்ளை விசும்ப ஆரம்பித்தது.

ஹேமநாதன் வேகத்தைக் குறைத்தான். தார் ரோடு தெரிந்தது. அதோடு தோட்டம் முடிகிறது.

ரதிக்கு மேலெல்லாம் கொதித்தது. ஒரு டத்தோவுக்குத் தட்டேந்தவில்லை என்று எட்டுக் குடும்பத்துக்கு அம்மன் வாசலை அடைக்கிறாரா? அம்மன் என்ன இவர் வீட்டுச் சொத்தா? ஆனாலும் திரும்பி உட்கார்ந்து, பிள்ளைகளின் முகங்களைப் பார்த்தாள்.

"யாரும் அழாதீங்க. பெடாஸ் போறோம், ஆடறோம். ஜெயிச்சாலும் சரி, தோத்தாலும் சரி, திரும்பி வந்து எல்லாரும் நேரா கோயிலுக்குத்தான் போறோம். வாசல்ல யாரு வந்து தடுக்கறாங்கன்னு பாத்துடலாம். நா பேசிக்கறேன்."

வேன் தார் ரோட்டில் ஏறியது. பின் இருக்கையிலிருந்து குரல் வந்தது. தெளிவாக வந்தது.

"நீங்க வேணாம்மா. அங்க நா பேசறேன்."